அவர் சிரித்தால் நான் மாத்திரையை எண்ணுகிறேன்

பாளை மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். பக்கத்தில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 31 வயது. பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு 35. கல்யாண வீடுகளுக்குப் போட்டோ, வீடியோ எடுப்பது தொழில். காதலித்துக் கட்டிக்கொண்டோம், மூன்று வருடம் முடியப் போகிறது. அவருக்குப் பைபோலார் இருக்கிறது, மனசு சில காலம் அளவு மீறி ஏறும், சில காலம் அடியோடு இறங்கிவிடும் நோய். அதை அவர் மறைக்கவில்லை. கல்யாணப் பேச்சு எடுக்கும் முன்பே என்னைக் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார வைத்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். "இதுதான் நான். யோசிச்சுச் சொல்லு" என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பசிக்கி, சாப்பிடப் போவோமா" என்று கேட்டேன். அவ்வளவுதான் நான் யோசித்தது. அவர் வீட்டில், "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிரும்" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கால்கட்டு நான்தான்.

முதல் இரண்டு வருடம் ஒன்றும் இல்லை. போன வைகாசியில்தான் வந்தது. மூன்று வாரத்தில் 11 கல்யாணம். ராத்திரி வரவேற்பு, விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம், இடையில் மண்டபத்து நாற்காலியில் ஒரு கண்ணயர்வு, வீட்டுக்கு வந்தால் ஆல்பம் வேலை. மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். ஆனால் ஆளுக்குக் களைப்பே இல்லை. சீசனில் நல்லா உழைக்கிறாரே என்று நானே பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். அதை இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. அப்புறம் 1,80,000 ரூபாய்க்குத் தவணையில் ட்ரோன் வந்தது. வண்ணாரப்பேட்டையில் ஸ்டூடியோ போட 50,000 அட்வான்ஸ். தென்காசியில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று என்று திட்டம். ராத்திரி இரண்டு மணிக்குச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுப் பங்கு சேரச் சொன்னார். நான் தடுத்தேன். "என் கால்ல கெடக்குற கல்லே நீதான்" என்றார். 14 நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டி வந்தோம். பிறகு தலைகீழாக மாறியது. ஐப்பசி மழை முழுக்கச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். குளிக்கவில்லை. கேமரா பேட்டரிகள் அலமாரியில் செத்துக் கிடந்தன.

மார்கழியிலிருந்து நன்றாக இருக்கிறார். இந்த நோய்க்கான லித்தியம் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். வேலைக்குப் போகிறார். இப்போது பிரச்சினை அவரிடம் இல்லை, என்னிடம்தான்.

பொங்கலன்று நாத்தனார் பிள்ளைகளோடு உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டே பாடினார். சிரித்தார். அந்தச் சிரிப்பு தெரு வரை கேட்டது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிக்கின்றன. எனக்கு மட்டும் நெஞ்சு படபடவென்று அடித்தது. எழுந்து உள்ளே போய் மாத்திரையை எண்ணினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. திரும்பினால் வாசலில் அவர் நிற்கிறார். கத்தவில்லை. "சிரிக்கதுக்கும் உங்கிட்ட சீட்டு வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு வீட்டில் அவர் சிரிக்கவே பயப்படுகிறார்.

நடு ராத்திரி எழுந்து அவர் மூச்சைக் கேட்கிறேன். அவர் போனில் வரும் பணச் செய்திகளைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறேன். கூட வேலை செய்யும் பையனிடம் "அண்ணன் எப்படி இருக்காங்க" என்று வேவு கேட்கிறேன். நான் பெண்டாட்டியா, ஜெயில் வார்டனா? கண்காணிப்பதை விட்டுவிட்டால் போன வைகாசி திரும்பி வந்துவிடுமோ என்று பயம். விடாவிட்டால் இந்த மனுசனை இழந்துவிடுவேன். இரண்டுக்கும் நடுவில் வாழ்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பிள்ளை பெற்றுக்கொள்வதைப் பற்றியும் பேச ஆரம்பித்திருக்கிறோம், அதுவும் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.


ஊர்க்காரன் 72:

மாத்திரை எல்லாம் கிட்னியைக் கெடுத்துவிடும் தங்கச்சி. இது வேறு சங்கதி. நல்ல கோயிலாகப் பார்த்து ஒரு மண்டலம் தங்க வையுங்கள். எங்கள் பெரியப்பா மகன் அப்படித்தான் சரியானான்.


கொடைக்காரன்:

72 அண்ணாச்சிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் தங்கச்சிக்கு.

நான் மறுபக்கத்து ஆள். அதாவது உங்கள் வீட்டுக்காரர் இடத்தில் இருப்பவன். ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். எலெக்ட்ரீஷியன். 2009-இல் எனக்கு 24 வயது இருக்கும்போது முதல் தடவை வந்தது. எங்கள் ஊர் சுடலை கோயில் கொடை, அதாவது திருவிழா. பந்தல் சீரியல் செட்டெல்லாம் என் பொறுப்பு. மூன்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. மேளம் காதுக்குள்ளே புகுந்துவிட்டது. ஆடினேன், குறி சொன்னேன், ஊரே சாமி வந்திருக்கிறது என்று கையெடுத்தது. சாமியாடுகிறவர்களுக்கு விடிந்து திருநீறு போட்டதும் சாமி இறங்கிவிடும். எனக்கு ஆறு நாளாகியும் இறங்கவில்லை. அதனால்தான் இந்தப் பெயர்.

காய்ச்சல் வந்தால் முதலில் காய்கிறவனுக்குத்தான் தெரியும். இந்த நோய் ஏறும்போது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அவனுக்குத் தெரியும். ஏனென்றால் அவனுக்கு அது நோய் மாதிரியே இருக்காது. வாழ்க்கையில் முதல் தடவையாக மண்டை தெளிவாக வேலை செய்கிற மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் பெண்டாட்டி வந்து "தூங்குங்க" என்றால் அவள் கல்லாகத்தான் தெரிவாள். அவர் சொன்ன அந்த வார்த்தையை நீங்கள் இன்னும் மனசில் வைத்திருக்கிறீர்கள், எழுத்திலேயே தெரிகிறது. வைத்திருப்பதில் தப்பில்லை. ஆனால் அதை அவரிடம் சொன்னீர்களா? நோய் பேசியது என்று நாமே சமாதானம் செய்துகொண்டு மன்னிப்புக் கேட்கக்கூட இடம் கொடுக்காமல் விட்டால் அது உள்ளேயே புளிக்கும். நான் என் வீட்டுக்காரியிடம் கேட்ட மன்னிப்புகளில் பாதி, எனக்கு நினைவே இல்லாத பேச்சுகளுக்கு. இருந்தாலும் கேட்டேன். அவள் காதில் விழுந்தது என் வாயிலிருந்துதானே.

சரி, கண்காணிப்புக்கு வருகிறேன். நாங்களும் உங்களை மாதிரித்தான் இருந்தோம். நான் சத்தமாகத் தும்மினால்கூட அவள் திரும்பிப் பார்ப்பாள். 2016-இல் ஒரு சண்டை. கேஸ் சிலிண்டர் சொல்ல மறந்துவிட்டாள், நான் கோபப்பட்டேன். நியாயமான கோபம். அவள் உடனே, "மாத்திரை போட்டியளா?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் என் கோபம், நியாயம், புருசன் என்ற இடம் எல்லாமே போய்விட்டது. நோயாளி மட்டும் மிச்சம். ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை.

எங்கள் டாக்டர் அம்மா இருவரையும் உட்கார வைத்து, ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். நான் நன்றாக இருக்கும் நாளில், என் கையெழுத்தில், நான் ஏற ஆரம்பித்தால் எப்படி இருப்பேன் என்று நானே எழுத வேண்டும். பெரிய கூத்துகளை அல்ல. அதற்குப் பத்து நாள் முன்னால் வரும் சின்னச் சின்ன விஷயங்களை. எனக்கு என்ன தெரியுமா? விடியற்காலை நாலு மணிக்கு பைக்கைக் கழுவுவேன். பத்து வருடமாகப் பேசாத பாலிடெக்னிக் கூட்டாளிகளுக்குப் போன் போடுவேன். சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்துவிடுவேன். இது மூன்றும் எனக்கே தெரியாது, அவள்தான் சொன்னாள். எழுதும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தாள் இன்னும் பீரோவில் ரேஷன் கார்டோடு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே தூக்கம். சிரிப்பையும் பாட்டையும் எண்ணாதீர்கள், தூக்கத்தை மட்டும் பாருங்கள். சந்தோசமாக இருக்கிறவன் ராத்திரி தூங்குவான், தூங்காவிட்டால் மறுநாள் கண் சொக்கும். ஏறுகிறவன் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுப் பத்து மணி நேரம் தூங்கியவன் மாதிரி எழுவான். அந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் பனங்கிழங்குப் பாட்டுக்கெல்லாம் நெஞ்சு அடிக்க வேண்டியதில்லை. எங்கள் தாளில் இருப்பது இதுதான்: அடுத்தடுத்து இரண்டு ராத்திரி ஐந்து மணி நேரத்துக்குக் கீழே தூங்கி, பகலில் களைப்பும் இல்லையென்றால், அவள் என்னிடம் ஒரு வாசகம் சொல்வாள். "தாளை எடுக்கட்டா?" அவ்வளவுதான். மறுபேச்சில்லாமல் நான் டாக்டருக்குப் போன் போட வேண்டும், ஏ.டி.எம். கார்டை அவளிடம் கொடுக்க வேண்டும். 2016-க்குப் பிறகு நான்கு தடவை சொல்லியிருக்கிறாள். மூன்று தடவை முனகிக்கொண்டே செய்தேன். ஒரு தடவை செய்யவில்லை, ஆஸ்பத்திரியில் போய்த்தான் முடிந்தது. தாள் இருந்தாலும் தப்பும், பொய் சொல்ல மாட்டேன்.

அந்தத் தாளில் அவளுக்கும் விதி உண்டு. சண்டையில் மாத்திரையை இழுக்கக் கூடாது. நான் போட்டேனா என்று கேட்கவே கூடாது. மருந்துக்கடையில் வாரத்துக்கு ஏழு அறை உள்ள டப்பா கிடைக்கும், அது டிவி பக்கத்தில் இருக்கும். போகிற வருகிற பார்வையில் இருவருக்கும் தெரியும். அறை காலியானால் போட்டாச்சு. கேள்வி இல்லை, எண்ணிக்கை இல்லை. இந்தச் சின்ன டப்பா எங்கள் கல்யாணத்தைக் காப்பாற்றியது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கல்யாண போட்டோ தொழில் இந்த நோய்க்கு நேர் எதிரி, அதையும் சொல்லிவிடுகிறேன். தொழிலை விடச் சொல்லவில்லை. நான் கொடைக்கு இன்னும் சீரியல் செட் போடுகிறேன். ஆனால் ராத்திரி பத்து மணிக்குத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்துவிடுவேன். வரவேற்பு என்றால் வரவேற்பு, முகூர்த்தம் என்றால் முகூர்த்தம், இரண்டில் ஒன்றுக்கு அந்தப் பையனை அனுப்பச் சொல்லுங்கள். வருமானம் குறையும். குறையட்டும்.

இந்தத் தாளைச் சட்டப்படியும் செய்யலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், நினைவு தெளிவாக இருக்கும்போதே எனக்கு எப்படி வைத்தியம் செய்ய வேண்டும், எப்படிச் செய்யக் கூடாது, நான் முடிவெடுக்க முடியாத நேரத்தில் என் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க இடம் இருக்கிறது. நான் என் வீட்டுக்காரி பெயரைத்தான் எழுதியிருக்கிறேன், அண்ணன் பெயரை அல்ல. அதற்கு அண்ணன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், அது தனிக் கதை.

இப்போது 72 அண்ணாச்சி. என்னையும் ஒரு இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை. காலில் சங்கிலி போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், நம் வள்ளியூர்ப் பக்கத்து ஏர்வாடி அல்ல, ராமநாதபுரத்து ஏர்வாடி, மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் வெந்து 28 பேர் செத்தார்கள். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானே சுடலைக்குக் கிடா வெட்டுகிறவன். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போ என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.


கல்லிடை மதினி:

பாளைப் பிள்ளைக்கு. எனக்கு 54 வயது. எங்க வீட்டுக்காரருக்கு இது வந்து 26 வருடம். கொடைக்காரத் தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் அவர் ஆம்பிளை, சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

பணம். முதல் தடவை வந்தபோது என் தாலிச்சங்கிலி வரைக்கும் அடகுக்குப் போனது. ஊர் முழுக்கக் கடன் கொடுத்தார், வாங்கியவன் ஒருத்தன்கூடத் திருப்பித் தரவில்லை. அதற்கப்புறம் அவரே சம்மதித்து ஏற்பாடு செய்துகொண்டோம். வீட்டுப் பத்திரம் என் தம்பி வீட்டில். நகை பேங்க் லாக்கரில், சாவி என்னிடம். அவர் கணக்கில் மாதச் செலவுக்கு மட்டும். போனில் பணம் அனுப்புகிறார்களே, அதில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்துக்கொள்ளலாம், என் மகன் செய்து கொடுத்தான். இதை அவருக்குத் தெரியாமல் செய்யாதே பிள்ளை. திருட்டுத்தனமாகப் போனைப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை இன்றைக்கே நிறுத்து. பார்ப்பதைச் சொல்லிவிட்டுப் பார். சொன்னால் காவல், சொல்லாவிட்டால் வேவு. அந்த ட்ரோன் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அவர் கையாலேயே விற்கச் சொல், தவணையும் குறையும்.

எல்லாரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பயம் இறங்குவதில்தான். ஏறும்போது ஊர் ஓடி வரும். இறங்கும்போது ஒருத்தரும் வர மாட்டார்கள், சோம்பேறி என்பார்கள். ஐப்பசியில் நீ என்ன செய்தாய் என்று எழுதவில்லை. நான் முதலில் "எந்திரிங்க, குளிங்க, இப்படியே கெடந்தா எப்படி" என்று காட்டுக் கத்தல் கத்துவேன். ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு நாள் வெந்நீரை விளாவி வைத்துவிட்டு, "தண்ணி ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கால் மணி நேரம் கழித்து எழுந்து போனார். அன்று உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்திருந்தேன், நாலு வாய் சாப்பிட்டார். அந்த மாதம் அதுதான் எங்கள் திருவிழா.

அந்த நேரத்தில் சாகிற நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேள். கேட்டால் நினைப்பு வந்துவிடும் என்று பயப்படாதே, அப்படி வராது. கேட்டபோதுதான் எங்க வீட்டுக்காரர் வாய் திறந்தார். எங்களுக்கு வயல் உண்டு. பூச்சி மருந்தை எல்லாம் அன்றைக்கே அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். மாத்திரையையும் ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் வைப்பதில்லை, லித்தியம் அளவு மீறினால் அதுவே விஷம். ராத்திரி யாரும் கிடைக்காவிட்டால் 14416-க்குக் கூப்பிடு. மனநலத்துக்கு என்றே அரசாங்கம் வைத்திருக்கும் எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நானே ஒரு தடவை எனக்காகக் கூப்பிட்டிருக்கிறேன். அவருக்காக இல்லை, எனக்காக.

இன்னொன்று. கை நீட்டினால் அன்றைக்கே வெளியே வந்துவிடு. எந்தத் தாளிலும் அதற்கு இடம் கிடையாது. நோய் வந்தவர்கள் எல்லாரும் அடிப்பவர்கள் இல்லை. எங்க வீட்டுக்காரர் 26 வருடத்தில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

பக்கத்தில் யாரிடமும் சொல்ல முடியவில்லை என்கிறாய். ஒருத்தரிடமாவது சொல். கோட்டி, பைத்தியம் என்று ஊர் பேசும் என்று நான் 11 வருடம் அம்மாவிடம்கூட மறைத்தேன். கடைசியில் சொன்னபோது அம்மா, "அன்னைக்கே தெரியும்ட்டி" என்றாள்.


மருந்துக்கடை:

நான் டாக்டர் இல்லை, டவுனில் 19 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். லித்தியம் வாங்குகிறவர்கள் சில பேர் மாதாமாதம் வருவார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்.

லித்தியம் ஒரு உப்பு. 1949-லேயே ஆஸ்திரேலியாவில் கேட் என்ற டாக்டர் இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்து எழுதிவிட்டார். இன்றைக்கும் இதற்கு முன்னணி மருந்து அதுதான். பலன் கொடுக்கும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடைவெளி குறைவு, அதனால்தான் ரத்தப் பரிசோதனை. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். ரத்தத்தில் லித்தியம் அளவைப் பொதுவாக லிட்டருக்கு 0.6-இலிருந்து 1.0 மில்லிமோலுக்குள் வைப்பார்கள். போட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்து, அளவு ஏறியிருக்கிறது என்று பதறி வந்தவர்கள் உண்டு. 72 அண்ணாச்சி கிட்னி என்று சொன்னதில் பாதி உண்மை. பல வருடம் போடுகிறவர்களுக்குக் கிட்னியும் தைராய்டும் பாதிக்க வாய்ப்பு உண்டு, அதற்காகத்தான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டையும் பார்ப்பது. பயந்து சட்டென்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து, நோய் திரும்பி வேகமாக வரும்.

நம் ஊர் வெயிலை மறக்கக் கூடாது. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். அக்னி நட்சத்திரத்தில் மண்டபத்துக்கும் வீட்டுக்கும் அலைகிற ஆள் தண்ணீர் பாட்டிலோடு அலைய வேண்டும். உப்பைத் திடீரென்று குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். பேதி, வாந்தி, கடும் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள். கை அதிகமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது என்று கண்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

முக்கியமாக வலி மாத்திரை. இடுப்பு வலி என்று கடைக்கு வந்து டைக்ளோபினாக், புரூபென் கேட்பார்கள். லித்தியம் போடுகிறவர் என்று தெரியாமல் கொடுத்துவிட்டால் லித்தியம் அளவு ஏறிவிடும். கேமரா தூக்குகிறவருக்குத் தோள் வலி இல்லாமல் இருக்காது. எந்தக் கடையில் எது வாங்கினாலும், "லித்தியம் போடுகிறேன்" என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

பிள்ளை விஷயம்: அம்மா, அப்பா ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர நூற்றில் ஐந்திலிருந்து பத்து வரை வாய்ப்பு என்பார்கள். மற்றக் குடும்பங்களில் ஒன்று, இரண்டு. அதாவது நூறு பிள்ளைகளில் தொண்ணூறு பேருக்காவது வராது. அவர் போடும் மாத்திரைகளைப் பற்றி இருவரும் முதலிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள். பிள்ளை பிறந்த பிறகு ராத்திரி அழுகைதான் உங்கள் வீட்டுக்கு நிஜமான சோதனை. ராத்திரி யார் எழுவது என்பதை இப்போதே பேசி வைத்தால் நல்லது.


பாளை மருமகள்:

எல்லாருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியவில்லை. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

முதலில் போன் விஷயத்தை அவரிடம் ஒத்துக்கொண்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "தெரியும். பையன் சொன்னான்" என்றார். வேவுக்கு வைத்த ஆளே எனக்கு வேவு. அப்புறம் கொடைக்காரன் அண்ணாச்சி எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன். நாலு மணிக்கு பைக் கழுவும் இடம் வந்ததும் சிரித்தார். பொங்கலுக்குப் பிறகு இப்போதுதான். நான் எங்கேயும் எழுந்து போகவில்லை.

தாள் எழுத மூன்று ராத்திரி ஆனது, ராத்திரி என்றால் ஒன்பதரை வரைக்கும்தான். போன வைகாசிக்குப் பத்து நாள் முன்னால் என்ன நடந்தது என்று இருவரும் தோண்டித் தோண்டிப் பார்த்தோம். விடியற்காலை நாலரைக்குக் கேமராவை எடுத்துக்கொண்டு சுலோசன முதலியார் பாலத்துக்குப் போய்விடுவார், ஆற்றுக்கு மேலே சூரியன் வருவதை எடுக்க. தினமும். நானூறு, ஐந்நூறு படம். எனக்கு அதைக் காட்டுவார், நானும் அழகாக இருக்கிறது என்பேன். அதுதான் முதல் அடையாளமாக எழுதினோம். எழுதும்போது அவர் பேனாவை வைத்துவிட்டார். "நல்ல படம் எல்லாம் அப்பதான் வந்துச்சு" என்றார். அதற்கு என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கடைசியில், வாரத்தில் ஒரு நாள் பாலத்துக்குப் போகலாம், முந்தின ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கியிருந்தால் மட்டும் என்று எழுதினோம். கல் என்று சொன்னதையும் பேசினோம். அது எங்களோடு இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு பணம் என்பதில் இன்னும் ஒத்து வரவில்லை. நான் 2,000 என்கிறேன், அவர் 10,000 என்கிறார். அத்தையிடம் தாளைக் காட்டக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. டப்பா வாங்கியாச்சு. பச்சைக் கலர்.

மருந்துக்கடை அண்ணனிடம் ஒரு கேள்வி. வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து வருவதாக அவர் நேர்ந்திருக்கிறார். வைகாசி என்றாலே எனக்குப் பயம். வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை.


மருந்துக்கடை:

போகட்டும், ஆனால் அதற்கு முன் டாக்டரிடம் சொல்லி ஒரு தடவை லித்தியம் அளவு பார்த்துவிடுங்கள். பாளையிலிருந்து 60 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். ராத்திரி முழுக்க நடக்கிற கூட்டத்தோடு சேர வேண்டாம், உங்கள் வீட்டுக்காரருக்கு அதுதான் ஆகாது. விடியற்காலையிலும் சாயங்காலமும் நடந்து, வெயிலில் நிழலில் படுத்து, ராத்திரி தூங்கி, மூன்று நாளாகப் போகச் சொல்லுங்கள். முதல் ராத்திரி செய்துங்கநல்லூர், இரண்டாவது ஆழ்வார்திருநகரி. யாராவது ஒருவர் கூடப் போக வேண்டும், உங்களுக்கே லீவு கிடைத்தால் நல்லது. தண்ணீர், உப்புப் போட்ட மோர் கையில் இருக்கட்டும். விரதம் என்று தண்ணீர் குடிக்காமல் நடக்க வேண்டாம். கால் வலித்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், வழியில் எந்தக் கடையிலும் வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.